கிழக்குச் சுவரில் ஒரு வழி

வெள்ளவத்தை,
12.02.2023

என் அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் விட்டதா? உங்கள் மகள் நிலக்ஷி கல்யாணமான கையோடு உங்கள் பேச்சைக் கேட்கிறாளா, இல்லை இன்னும் வாய்க்கு வாய்தானா?

உங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்கு போன் சிக்னல் வருவதற்குள் எனக்கு நரைத்துவிடும். பரவாயில்லை. சின்ன வயதிலிருந்தே நமக்குக் கடிதம்தானே பழக்கம். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை உங்கள் பெயரைக் கூப்பிட்டு இதைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே வாங்குங்கள். நல்ல செய்திதான்.

நம் பனிச்சோலைத் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியைத் திருத்தி, பிரசவ வார்டாக்கும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. நான் பிறந்த கட்டடம், அக்கா! பிறப்புச் சான்றிதழில் மட்டும் பார்த்த இடத்துக்கு இப்போது நானே படம் வரைகிறேன்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார்கள். முடியாது என்று சண்டை போட்டேன். அந்தக் கருங்கல் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரிக்குச் சூடு கொடுக்கும். அதை உடைத்துக் கொட்டிவிட்டு சிமெந்துக் கல்லில் கட்டினால் ஹீட்டருக்கு எங்கே போவது? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கப்போகிறேன். வெந்நீருக்கு வெயில். கழிவுத் தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகும். படுத்திருப்பவளுக்கு மலை தெரிகிற மாதிரி ஜன்னல்களைத் தாழ்த்துவேன். துணைக்கு வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறார்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் துணையாள் உட்காரவும் படுக்கவும் ஒரு பலகை போடப்போகிறேன்.

உங்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். வெயில் எந்தப் பக்கம் வரும், காற்று எப்படி வீசும், எங்கே ஒழுகும், எல்லாம் எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சுலோ


பனிச்சோலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
லிந்துலை
05.03.2023

அன்புத் தங்கச்சி சுலோவுக்கு அக்கா நாகு எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனி ஆளாக முறைத்துக்கொண்டிருக்கிறது. நீ ஒற்றையாளாய் அந்த வீட்டில் என்னத்தைச் சமைத்து என்னத்தைத் தின்கிறாயோ. உன்னை வளர்த்த சித்தப்பாவும் சித்தியும் இருந்தவரை எனக்குக் கவலை இல்லை. இப்போது நீ பாணும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் படித்தேன். தொட்டிலில் கிடந்த பத்துப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தியும் எனக்குக் காதில் ஏறவில்லை. பெருமையாக இருந்தது. அத்தான் பாக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "எங்க சுலோ கட்டப்போற ஆஸ்பத்திரி, இனி எவனும் நுவரெலியாவுக்கு ஓட வேணாம்" என்று ஒரே அலப்பறை.

நீ கேட்டதற்கு: தகரம் தெற்கு மூலையில் ஒழுகும். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் நர்ஸ் கூப்பிடுவது கேட்காது. கக்கூஸ் வெகு தூரம், பிள்ளை பெற்றவள் குளிரில் நடக்க வேண்டியிருக்கிறது. அதை முதலில் கிட்டக் கொண்டுவா, புண்ணியமாகப் போகும். மேற்கு ஜன்னலை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கு.

கிழக்குச் சுவரை மட்டும் தொடாதே. அந்தப் பக்கத்துக் காற்று நல்லதில்லை.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


வெள்ளவத்தை,
21.05.2023

அன்பு அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் கினிகத்தேனை தாண்டுவதற்குள் காலி. உங்கள் தலைவலி சுகமா? நான் சைட்டுக்குக் கூப்பிட்ட அன்றைக்குப் பார்த்தா அது வரவேண்டும்?

நீங்கள் வராததால் ஒரு நல்ல காட்சியைத் தவறவிட்டீர்கள். கிழக்குச் சுவரைத் தொடாதே என்றீர்கள். எனக்கென்னவோ அங்கேதான் கை போனது. ஈரம் ஊறிய சாந்தைச் சுரண்டினால், முழுக்கக் கருங்கல்லாக இருக்கும் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு மட்டும் செங்கல். யாரோ குளிருக்குப் பயந்து பழைய கதவை அடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வார்டுக்குள் காற்று குறுக்கே ஓடாமல் அத்தனை இருமலும் உள்ளேயே சுற்றியதற்குக் காரணம் அதுதான். காற்று ஓடினால்தான் கிருமி தங்காது.

திறக்கச் சொன்னேன். நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மேசன்மார் ரெண்டு பேரும் உடைக்கிற அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு, "அது வேணாங்க மிஸ்ஸி, வேற எங்க வேணும்னாலும் ஒடச்சித் தாறோம்" என்றார்கள். ஏன் என்று கேட்டதும் சாமான் பையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்துவிட்டார்கள். கடைசியில் கட்டட வேலையைக் கொந்தராத்து எடுத்த சரிபுதீன் நானா தலவாக்கலையிலிருந்து ஆள் கூட்டிவந்து உடைத்தார்.

அக்கா, கடைசிக் கல் விழுந்ததும் மலைக்காற்று உள்ளே வந்தது பாருங்கள். வார்டு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அங்கே அகலமான கதவு வைத்து, வெளியே படி கட்டி, காலை வெயிலில் தாய்மார் உட்கார ஒரு முற்றம் போடுகிறேன். கடைசிக் கட்டில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வரும். எல்லோரும் அந்தக் கட்டிலுக்குத்தான் சண்டை போடப்போகிறார்கள், பாருங்கள்.

அன்புடன்,
சுலோ


பனிச்சோலைத் தோட்டம்
02.07.2023

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கை ஓடவில்லை.

நல்ல செய்தி ஒன்று. நிலக்ஷி முழுகாமல் இருக்கிறாள். தை மாதம் என்று மிட்வைஃப் ஷாமிலா மிஸ் சொல்கிறார். மாப்பிள்ளை திலக்ஷனுக்குக் கொழும்பில் லீவு கிடைக்காது. பிள்ளை பிறக்கும்வரை அவள் என்னோடுதான். "சித்தி கட்டுற ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்குவேன்" என்று இப்போதே ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

மழை பிடித்துவிட்டது. கொழுந்து குறைவு. அத்தான் கோழி வளர்க்கப்போகிறாராம். வளர்க்கட்டும்.

அந்தச் சுவரை எந்தக் கிழமை உடைத்தார்கள்? உடைத்த கல்லை எங்கே போட்டார்கள்? கதவு வைத்தால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் நல்ல தாழ்ப்பாளாகப் போடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வெள்ளவத்தை,
29.10.2023

என் அன்பு அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அத்தான், வயிற்றுப்பிள்ளைக்காரி எல்லோரும் நலமா? நிலக்ஷிக்கு வாய்க்கசப்பு நின்றதா?

திறப்புவிழாவில் நீங்கள் முன் வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. கூட்டம் என்றீர்கள். எனக்கு ஏமாற்றந்தான், மறைக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட ஆசைப்பட்டேன்.

உடைத்த செங்கல்லை எங்கே போட்டார்கள் என்று கேட்டிருந்தீர்களே. போடவில்லை. எதையும் வீணாக்கக்கூடாது என்பது எங்கள் வேலையில் ஒரு விதி. அந்தக் கல்லில்தான் கிழக்கு முற்றத்துப் படி கட்டியிருக்கிறேன். தாழ்ப்பாளும் நீங்கள் சொன்னபடி இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஷாமிலா மிஸ் கடிதம் போட்டிருந்தார். ஹீட்டர் இல்லாமலேயே ராத்திரி வார்டு கதகதப்பாக இருக்கிறதாம். தகரத்துக்கு அடியில் பலகை அடித்ததால் மழையிலும் பேச்சு கேட்கிறதாம். தொட்டி நிறைந்து வழிகிறதாம். படித்துவிட்டு அழுதேன், அக்கா. இதற்காகத்தான் இந்தப் படிப்புப் படித்தேன் என்று தோன்றியது.

நிலக்ஷிக்குக் கடைசிக் கட்டிலைச் சொல்லி வைத்துவிட்டேன்.

சுலோ


பனிச்சோலைத் தோட்டம்
19.11.2023

அன்புச் சுலோவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. உன் ஆஸ்பத்திரியைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்று வந்தவர்கள் எல்லோரும் அந்த வெந்நீரையும் வெளிச்சத்தையும் பற்றித்தான் வாய் நிறையப் பேசுகிறார்கள். ஆனால் கடைசிக் கட்டிலில் இரண்டாம் நாள் யாரும் படுப்பதில்லை.

பின்நேரம் மூடுபனி இறங்கும்போது அந்தக் கிழக்குக் கதவு வழியாகப் பனி உள்ளே வருகிறது. கூடவே ஒருத்தி வருகிறாள். கறுப்புக் கம்பளி போர்த்திய பொம்பளை, தலை நனைந்திருக்கும், காலில் செருப்பு இல்லை. துணைக்கு வந்த யாரோ என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். நீ போட்ட துணையாள் பலகையில் உட்கார்ந்து, "எம்புள்ள எங்க?" என்று கேட்கிறாளாம். பதில் சொல்வதற்குள் எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாளாம். பலகையைத் தொட்டால் ஈரம்.

நம் ஆட்கள் ஒருத்தி சொல்லி ஒருத்தி பயப்படுகிறார்கள் என்றுதான் நானும் இருந்தேன். போன கிழமை மேல்பக்கத்து மரக்கறித் தோட்டத்துச் சிங்கள அக்கா ஒருவர் வந்து பெற்றார். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் ஷாமிலா மிஸ்ஸைக் கூப்பிட்டு, ஒரு பெண் வந்து ஏதோ கேட்டாள், எனக்கு விளங்கவில்லை என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். என்ன கேட்டாள் என்றதற்கு, கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டினாராம். "எம்புள்ள எங்க?"

அதோடு விட்டாலும் பரவாயில்லை. நேற்று முன்தினம் ஒரு தாய் கக்கூசுக்குப் போய் வருவதற்குள் தொட்டிலில் பிள்ளை இல்லை. கதவோரத்துப் பலகையில் கிடந்தது. அழவில்லை. துணியை நன்றாக இறுக்கிச் சுற்றிக் கிடத்தியிருந்தது. ஷாமிலா மிஸ் கூட்டுகிறவளைப் பிடித்து ஏசினார். அவள் கும்பிட்டு அழுகிறாள்.

கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாயிற்று. பனி வந்தால் திறந்துதான் கிடக்கிறது.

சுலோ, அந்த வழியைத் திரும்பக் கல் வைத்து அடைத்துவிடு. நிலக்ஷி போவதற்குள் அடைத்துவிடு. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

அக்கா


வெள்ளவத்தை,
30.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கோபத்தோடு எழுதக்கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். இன்னும் போகவில்லை.

பிள்ளை பெற்ற உடம்புக்குத் தூக்கம் குறைவு. காய்ச்சல் இருக்கும். பனியில் கம்பளி போர்த்திக்கொண்டு துணைக்கு வருகிறவர்கள் ஆயிரம் பேர். சிங்கள அக்கா பக்கத்துக் கட்டிலில் கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருப்பார். தாழ்ப்பாள் ஈரத்தில் உப்பிப் பிடிக்காமல் போகும், நான் ஆள் அனுப்பிச் சரிசெய்கிறேன். பிள்ளையை இடம் மாற்றியது யாரென்று ஷாமிலா மிஸ் கண்டுபிடிக்க வேண்டும், அது பாரதூரமான விஷயம்.

அடைக்க மாட்டேன். அந்தக் காற்றை நிறுத்தினால் வார்டு பழையபடி இருமல் கூடாகிவிடும். ஒரு பெண் பயந்தாள் என்பதற்காகப் பத்துப் பிள்ளைகளின் நெஞ்சில் சளி கட்டவிட முடியுமா?

நீங்கள் முதல் கடிதத்திலேயே கிழக்குச் சுவரைத் தொடாதே என்றீர்கள். கல்லை எங்கே போட்டார்கள் என்று கேட்டீர்கள். தலைவலி என்றீர்கள், கூட்டம் என்றீர்கள். மேசன்மாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அக்கா, அந்தச் சுவரில் என்ன இருந்தது? எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. நேராகச் சொல்லுங்கள்.

சுலோ


பனிச்சோலைத் தோட்டம்
17.12.2023

என் தங்கச்சிக்கு,

சுகமா என்று கேட்டு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படித்த பிறகு நீ சுகமாக இருப்பாயா என்று தெரியவில்லை.

அங்கே கதவு இருந்ததே இல்லை.

உனக்குச் சொல்லி வைத்த மாதிரி நம் அம்மா மீனம்மா காய்ச்சலில் சாகவில்லை. உனக்கு ஒரு வயதாகும்வரை இருக்கவும் இல்லை. உன்னைப் பெற்ற அன்றே, அந்த ஆஸ்பத்திரியில், கடைசிக் கட்டிலில் போய்விட்டார். இரத்தம் நிற்கவில்லை. லொறி வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அடைப்பு நாள். நீ கொழும்பில் வளர்ந்தவள், உனக்கு இது தெரியாது. சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அதை அடைப்பு என்பார்கள். அப்படிப் போனவரை வாசல் வழியாகக் கொண்டுபோனால், அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து இன்னொரு உயிரைக் கூட்டிப்போவார் என்று நம்மவர்களுக்குப் பயம். அதனால் சுவரை உடைத்து அந்த வழியாக எடுத்துப்போய், வந்த கையோடு அடைத்துவிடுவார்கள். போன வழி இல்லாவிட்டால் திரும்பி வரத் தெரியாதாம். வார்டில் மற்றப் பெண்கள் கிடந்தார்கள். அவர்கள் வீட்டு ஆம்பிளைகள், "வாசல் வழியா தூக்க விடமாட்டோம்" என்று நின்றார்கள். அப்பாவே அலவாங்கை எடுத்து உடைத்தார்.

எனக்கு ஒன்பது வயது, இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். மழை. அம்மாவைப் பார்க்க ஓடினால் சுவரில் பெரிய ஓட்டை. கறுப்புக் கம்பளியில் சுற்றி வெளியே எடுத்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது, நனைந்துகொண்டு. அதே நேரம் முன்வாசலில், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த சித்தி உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு சித்தப்பாவோடு பஸ் ஏறப் போனார். நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். நீ வாசல் வழியாகப் போனாய். அம்மா சுவர் வழியாகப் போனார்.

பெற்ற கையோடு தாயைத் தின்ற பிள்ளை என்று லயத்தில் பேச்சு வந்தது. அது உன் காதில் விழக்கூடாது என்றுதான் அப்பா உன்னைக் கொடுத்தார். சாகும்வரை யாரும் உனக்குச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் சொல்லவில்லை. இன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

சுலோ, நீ வழியைத் திறந்துவிட்டாய். அவர் திரும்பி வந்து உன்னைத் தேடுகிறார். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பார்த்து, இது இல்லை என்று வைத்துவிடுகிறார். நிலக்ஷிக்கு அம்மாவின் முகம். அவள் பெறப்போவது நம் இரத்தம். அதைத் தூக்கிப் பார்த்து, இதுதான் என்று நினைத்துவிட்டால்?

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


பனிச்சோலைத் தோட்டம்
21.01.2024

சுலோவுக்கு,

பொங்கல் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ சுகமாக இருக்கிறாயா என்பதாவது தெரிய வேண்டாமா? சரிபுதீன் நானாவிடம் விசாரித்தேன், அவருக்கும் தெரியவில்லை. மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவர் லொறிக்கு ஆளை நடக்க விட்டு இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அடை மழை. தலவாக்கலை றோட்டில் மண் சரிந்துவிட்டது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தேன், வழி இல்லை. நிலக்ஷிக்கு நாள் நெருங்கிவிட்டது. நாளைக்கே வார்டில் வந்து படுக்க வேண்டும் என்கிறார் ஷாமிலா மிஸ். மற்றக் கட்டில் எல்லாம் நிறைந்துவிட்டன. கடைசிக் கட்டில் மட்டும் காலி.

நான் அந்த வாசலைத் தாண்டுவேன். அவள் பக்கத்துப் பலகையில் கண்ணை மூடாமல் உட்காருவேன். வேறென்ன செய்வது. நீ என் மேல் கோபமாக இருந்தால் இரு. ஆனால் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல உன்னால்தான் முடியும்.

அக்கா


வெள்ளவத்தை,
11.02.2024

என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் நலமா? நிலக்ஷியும் பிள்ளையும் நலமா? பிள்ளை பால் குடிக்கிறாளா? வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்களா?

வந்த அன்றே ஓடிவிட்டேன், உங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மண் சரிந்த இடத்தை நடந்து கடந்து, இருட்டுவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

உங்கள் மார்கழிக் கடிதம் வந்த பிறகு எனக்கு ஒரு கோடு போட முடியவில்லை. முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு செத்துப்போன அப்பாவின் மேல். நான் பிறந்த இடம், நான் பிறந்த இடம் என்று துள்ளினேனே, அந்தச் சுவரின் கல்லிலேயே படி கட்டினேனே என்று நினைத்து வரைபடங்களைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டேன். உங்கள் அடுத்த கடிதத்தைச் சரிபுதீன் நானா கொடுத்தனுப்பியதும் புறப்பட்டுவிட்டேன். நான் வந்து சேர்ந்தபோது நிலக்ஷி பெற்றுவிட்டாள். நீங்கள் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். ஷாமிலா மிஸ் பிள்ளையைக் குளிப்பாட்டக் கேட்டதற்குக்கூட நீங்கள் கொடுக்கவில்லை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

உங்களை வெளியே போகச் சொன்னேனே, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நிலக்ஷி தூங்கிவிட்டாள். பனி இறங்கியது. நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். படித்த பெண் செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வாய்விட்டுச் சொன்னேன். "இங்கதாம்மா இருக்கேன். வளந்துட்டேன்."

பிறகு எழுந்து, அம்மா போன வழியாகவே வெளியே வந்தேன். அவ்வளவுதான். எதையும் பார்க்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. உங்கள் மனம் ஆறட்டும் என்றுதான் செய்தேன்.

கதவை அடைக்க வேண்டுமென்றால் அடைத்துவிடலாம். இனி உங்கள் விருப்பம்.

சுலோ


பனிச்சோலைத் தோட்டம்
10.03.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். பிள்ளை குண்டுக் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறாள். அத்தான் கோழியை மறந்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகத் திரிகிறார். நீ சுகமா?

கதவை அடைக்க வேண்டாம். நீ போன நாளிலிருந்து அங்கே யாரும் வரவில்லை. பனி வருகிறது, போகிறது. பலகை காய்ந்து கிடக்கிறது. போன கிழமை கடைசிக் கட்டிலுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நீ சொன்னது நடந்துவிட்டது, சந்தோஷப்படு.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டும்.

எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ வெளியே போகச் சொன்னதும் நான் கிழக்குப் பக்கத்தில், தேயிலை ஓரத்தில்தான் நின்றேன். பனியில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் நீ கதவைத் தாண்டியதும் படியில் நின்றாய். திரும்பினாய். பின்னால் வருகிறவரை இறக்கிவிடுகிற மாதிரிக் கையை நீட்டினாய். யாருக்கு?

பிறகு நீ என் பக்கத்தால் நடந்து போனாய். உன் கை மூடியே இருந்தது, எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. மழைக் குளிர் ஒன்று என்னைத் தாண்டிப் போயிற்று. நின்று பார்க்கவில்லை. சுலோ, நானும் அவர் பிள்ளைதானே? உன்னைவிட ஒன்பது வருஷம் அதிகமாக அவர் கையால் சோறு தின்றவள் நான். அன்றைக்கு மழையில் நின்று கத்தினவளும் நான்தான். என்னை ஒருமுறைகூட ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? இந்த வயதில் இதைக் கேட்டு அழுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுகிறேன்.

உண்மையை எழுது. நீ எனக்குச் சொன்னதையே நானும் உனக்குச் சொல்கிறேன். நேராகச் சொல்.

அக்கா


வெள்ளவத்தை,
24.03.2024

என் அக்காவுக்கு,

படி ஈரமாக இருந்தது. அவர் வெறுங்காலோடு வந்தார். அதனால்தான் கை கொடுத்தேன்.

உங்களுக்குப் பயமாக இருக்கும் என்றுதான் எழுதாமல் விட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. என்னைவிட இளையவராக இருக்கிறார். முதலில் என் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார், பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்பதை நம்ப முடியாதவர் மாதிரி. பிறகு என் விரலைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. இப்போது பழகிவிட்டது.

உங்களை அவர் பார்க்காமல் போகவில்லை, அக்கா. உங்களைக் கடந்து போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இந்தக்கா யாரு, இப்புடி அழுவுறாங்க?" நான் பதில் சொல்வதற்குள் இஸ்கோல் றோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "நாகு பள்ளிக்கூடத்தால வந்துட்டாளா? மழ பெய்யுதே, நனைவாளே" என்றார்.

வந்துட்டாம்மா, வீட்டுக்கு வந்துட்டா என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் என்னோடு நடந்தார்.

சித்திரை லீவுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். வரும்போது தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த முறை நலம் எழுத மறந்துவிட்டேன். நாங்கள் இருவரும் இங்கு நலம்.

சுலோ